‘வேலையில் நடந்தது’ என்று சொல்லுங்கள்

நுவரெலியாவை அண்டிய ஊரொன்றிலிருந்து 36 வயதான வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கடந்த 11 ஆண்டுகளாகப் பூந்தோட்டப் பராமரிப்பு வேலை செய்கிறார். இரண்டு ஹோட்டல்களினதும் சில பங்களாக்களினதும் புல்வெளி, பூப்பாத்தி, செடிவேலி எல்லாவற்றையும் கொந்தராத்துக்கு எடுத்திருக்கும் ஒருவரின் கீழ், ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு இப்போது அவர்தான் மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர் என்றாலும், புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நாளுக்கு ஐந்து மணித்தியாலம் அவரும் வேலை செய்கிறார். ஏப்ரல் சீசன் நெருங்கும் வாரங்களில் பொழுது சாயும்வரை அது நீளுமாம்.

இரண்டு வருடமாகக் குளிர்காலக் காலைகளில் அவருடைய விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தானைப் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வாதம் என்று சொல்லி எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். இது அவருடைய சொந்தக் கதை. ஆனால் கடிதத்தை அவர் எழுதியது அதற்காக அல்ல. கடிதம் எழுதுவதற்கு ஆறு நாள் முன்பு, அவருடைய குழுவில் வேலை செய்யும் 19 வயது இளைஞரின் வலது கண்ணில், மெஷின் தகடு எற்றிய கல் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டில் விறகு ஒடிக்கும்போது கொப்பு குத்தியதாகச் சொல்லும்படி கொந்தராத்துக்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் ஆஸ்பத்திரிக்கே போகாமல் பாமசியில் சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுத் தாய்ப்பாலும் விட்டிருக்கிறார்கள். பிறகு 10,000 ரூபாவைக் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய கடதாசியில் அந்த இளைஞரிடம் கையெழுத்தும் வாங்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய மாதம், ரோசாச் செடிகளுக்கு மருந்தடித்த 41 வயதுப் பெண்ணொருவர் வியர்த்து, வாந்தியெடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே சரிந்திருக்கிறார். பால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

‘மெஷினைக் கொடுத்தது நான்தான், டொக்டர் அம்மா. அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு நான்தானே பொறுப்பு? நாட்சம்பளக்காரர்களுக்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? தொழிற்சாலைச் சட்டத்தில் முறையிடலாமா? முறையிட்டால் ஒன்பது குடும்பத்துக்கும் வேலை போய்விடுமே’ என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரியில், ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி தன் வேலை உடுப்பைத் துவைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே, கண் விடயத்தை மட்டும் தனியாக உங்களுக்கு அறிவித்தேன். மறுநாளே அந்தத் தம்பியைக் கண் சிகிச்சைப் பிரிவில் அனுமதித்துவிட்டதாகத் தகவல் அனுப்பினீர்கள். மனம் ஆறுதலடைந்தது. ஆனால் அதே தகவலில், அனுமதிக்கும்போது ‘வீட்டில் கொப்பு குத்தியது’ என்றே பதிவாகியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். சட்டம் சார்ந்த பகுதிகளைத் தொழில் வழக்குகளில் அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிய பிறகே எழுதுகிறேன்.

முதலில், அந்தத் தம்பியின் கண்

கண்ணில் கல் பட்டவுடன் இரத்தம் வராவிட்டால் பெரிய காயமில்லை என்று நினைப்பது வழக்கம். அது சரியன்று. கருவிழியின் மேற்பரப்பில் ஏற்படும் சிறு கீறல், சுத்தமாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் தானாகவே ஆறிவிடும். ஆனால் புல்வெட்டும்போது பறப்பது வெறும் கல் அல்ல. மண்ணும் அழுகிய புல்லும் இலைத்துணுக்கும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. தாவரப் பொருள் பட்ட கருவிழியில் பூஞ்சணத் தொற்று ஏற்படலாம். அது மெதுவாக, ஒரு வாரம் பத்து நாள் எடுத்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியத் தொடங்கும். பாமசியில் கேட்டவுடன் கொடுக்கப்படும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். சிவப்பும் வலியும் குறைவதால் குணமாகிறது என்று நம்பிக்கொண்டிருப்போம்; உள்ளே பூஞ்சணம் தடையில்லாமல் வளரும். தாய்ப்பால் விடுவது அன்போடு செய்யப்படும் காரியம்தான். ஆனால் காயப்பட்ட கண்ணுக்கு அது மருந்தாகாது. கிருமி சேரவே இடம் கொடுக்கும். வாங்கிய சொட்டு மருந்துப் போத்தலை எறிந்துவிடாமல் கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். எந்த மருந்து எத்தனை நாள் விடப்பட்டது என்பது சிகிச்சையையே மாற்றக்கூடிய விடயம்.

இனி ஒருபோதும் நடக்கக்கூடாது; நடந்தால், கண்ணைக் கசக்கவோ அழுத்திக் கட்டவோ வேண்டாம். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். ஒரு கடதாசிக் கோப்பையின் அடிப்பகுதியைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து, ஓரத்தில் மட்டும் பிளாஸ்டர் ஒட்டி, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தகடு கம்பியிலோ இரும்பிலோ பட்ட பிறகு இது நடந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மெல்லிய இரும்புத் துணுக்கு கண்ணின் வெள்ளையைத் துளைத்து உள்ளே போயிருந்தாலும் வெளியே ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.

வார்டிலிருக்கும் தம்பி இன்றே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பார்க்க வரும் வைத்தியரிடம், ‘நான் முதலில் சொன்னது உண்மையல்ல, வேலையில் புல்வெட்டும்போது கல் பட்டது, அப்படிச் சொல்லப் பயந்தேன்’ என்று சொல்ல வேண்டும். யாரும் அவரைத் திட்டமாட்டார்கள். மலையகத்தின் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த காலமெல்லாம் நான் இதைக் கண்டிருக்கிறேன்: கைவிரல் துண்டானவர் ‘வீட்டில் தேங்காய் வெட்டினேன்’ என்பார், கூரையிலிருந்து விழுந்தவர் ‘படிக்கட்டில் வழுக்கினேன்’ என்பார். கூட வந்தவர் தள்ளி நிற்பார். அந்த ஒரு வசனத்தை வைத்தியர், வார்டில் நோயாளியின் விபரம் பதியும் கட்டில்தலைப் பத்திரத்தில் அப்படியே எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து நட்டஈடு கேட்கும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வசனத்தைத்தான். திருத்திச் சொன்னால், சொன்ன திகதியோடு அதுவும் பதிவாகும். பொலிஸில் ஒரு முறைப்பாட்டைப் பதிந்து, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் அனுப்பும்படி கேட்கலாம். வீட்டுக்குப் போகும் நாளில் கொடுக்கப்படும் நோய் விபர அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் கடதாசி மழையில் நனைந்து போன கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

கையெழுத்துப் போட்ட கடதாசி

நீங்கள் கேட்ட தொழிற்சாலைச் சட்டம், அதாவது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், தொழிற்சாலைகளுக்கு உரியது. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொருந்தும். ஹோட்டலின் புல்வெளிக்குப் பொருந்தாது. அந்தக் கதவைத் தட்டி நாளைக் கழிக்க வேண்டாம். உங்களுக்குத் திறந்திருப்பது அதைவிடப் பழைய கதவு: 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். வேலையின் காரணமாக, வேலை செய்துகொண்டிருக்கும்போது ஏற்பட்ட விபத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர் என்று அது சொல்கிறது. அவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையில் நடந்தது என்று காட்டினால் போதும்.

நாட்சம்பளம், நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை, ஆகவே எங்களுக்கு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணம்தான் உங்களை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் தன் முற்றத்தைத் துப்புரவாக்க ஒரு நாளைக்கு ஒருவரைக் கூப்பிடுவது வேறு. பூந்தோட்டப் பராமரிப்பையே தொழிலாகச் செய்யும் ஒருவர் அந்தத் தொழிலுக்காக உங்களை வருடக்கணக்கில் நாட்சம்பளத்துக்கு வைத்திருப்பது வேறு. பின்னதில் நீங்கள் வேலையாள்தான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் கட்ட வேண்டும். தற்காலிகத் தொழிலாளருக்கும் அது உரியது. கட்டவில்லை என்பது அவர் செய்த இன்னொரு தவறே ஒழிய, நீங்கள் அவரிடம் வேலை செய்யவில்லை என்பதற்கு அத்தாட்சி அன்று.

வேலை செய்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். ஹோட்டல் வாசலில் பாதுகாப்பு ஊழியர் வைத்திருக்கும் வரவுப் புத்தகத்தில் தினமும் உங்கள் பெயரும் நேரமும் எழுதப்படுகின்றனவே. விபத்து நடந்த நாளின் பக்கத்தை நினைவில் வையுங்கள். கொந்தராத்துக்காரர் ‘நாளைக்கு இத்தனை பேர் வாங்க’ என்று தொலைபேசியில் அனுப்பும் செய்திகளை அழிக்காதீர்கள். மேற்பார்வையாளர் என்ற முறையில் நீங்கள் எழுதும் பெயர்க் கொப்பியும் ஆதாரம்தான்.

அந்த 10,000 ரூபாக் கடதாசியைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. சட்டம் கொடுத்திருக்கும் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக வேலையாள் செய்யும் உடன்படிக்கை, அதே சட்டத்தின் முன் செல்லுபடியாகாது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஓடவேண்டாம். எவ்வளவு, எந்த நாளில், யார் முன்னிலையில் என்று எழுதி வையுங்கள், அவ்வளவுதான். கோரிக்கை தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போக வேண்டும். விண்ணப்பத்துக்கு வழிகாட்ட உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தைக் கேட்கலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால், நீதிமன்றங்கள் உள்ள நகரங்களில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் இயங்குகின்றன. தாமதிக்க வேண்டாம்: விபத்தைப் பற்றிய அறிவித்தல் முதலாளிக்கு எழுத்தில் விரைவாகப் போக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் இரவுகளைக் கெடுக்கும் கேள்வி. மெஷினைக் கொடுத்தது நீங்கள்தான். அதை மறைத்துச் சொல்லமாட்டேன். தகட்டின் பின்னால் இருக்க வேண்டிய அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி, இரண்டு வருடமாக ஸ்டோர் சுவரில் ஆணியில் தொங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஈரப்புல் அடைத்துக்கொண்டு வேலை தாமதமாகிறது என்று அதைக் கழற்றச் சொன்னவர் கொந்தராத்துக்காரர். பாதுகாப்புக் கருவியை வேலையாள் தானே வேண்டுமென்று கழற்றினால் முதலாளி அதைக் காட்டித் தப்பப் பார்க்கலாம் என்பது உண்மை. இங்கே அந்தத் தம்பி கழற்றவில்லை; மூடியில்லாத மெஷின்தான் அவர் கையில் கொடுக்கப்பட்டது. இதைச் சாட்சியாகச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நட்டஈடு கொடுக்கும் கடமை உங்களுடையது அன்று. உண்மையைச் சொல்லும் கடமை உங்களுடையது. நாளைக் காலையில் வேறெதற்கும் முன்பு அந்த மூடியை ஆணியிலிருந்து எடுத்து மெஷினில் பூட்டுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் கண்ணாடி கல்லைத் தடுக்காது, உடைந்து கண்ணுக்குள்ளேயே போகும். மூடிய பாதுகாப்புக் கண்ணாடி நம் ஊர் மூடுபனியில் ஆவிபிடித்து மறைப்பதால்தான் பிள்ளைகள் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆவிபிடிக்காத பூச்சுள்ள கண்ணாடியை அணிந்து, அதற்கு மேல் முகத்தை மூடும் வலைத் தடுப்பையும் போடுவது நல்லது. வலை மட்டும் போதாது, தூசு நுழையும். சரளைக்கல் பாதையின் ஓரத்தில் இரும்புத் தகட்டை விட்டு நைலோன் நூலைப் பாவியுங்கள். நூலும் சிறு கல்லை எற்றும், ஆனால் தகட்டின் வேகத்தில் அல்ல. வேலை செய்பவரிடமிருந்து 15 மீற்றருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. ஹோட்டல் விருந்தினரின் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தால் மெஷினை நிறுத்துங்கள்.

உங்கள் விரல்கள்

கடிதத்தில் நாலே வரியில் சொல்லிவிட்டுப் போனதை நான் நாலு முறை வாசித்தேன். விரல் நுனியிலிருந்து வெளுத்து, கோடு போட்டதுபோல ஓரிடத்தில் நின்று, கால் மணி நேரம் கழித்துச் சிவந்து குத்தி வலிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, அதிர்வினால் வரும் வெண்விரல் நோயின் அச்சொட்டான வர்ணனை. இது வாதம் அன்று. இளமையில் குளிரில் நின்றதற்கு வந்த தண்டனையும் அன்று. 1918இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹமில்டன், இந்தியானா மாநிலத்தின் பெட்ஃபர்ட் ஊரில் காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணக்கல் செதுக்கிய தொழிலாளரின் கைகளைப் பரிசோதித்தபோது, குளிர்காலக் காலைகளில் அவர்களுடைய விரல்கள் வெளுத்துச் செத்துப்போவதைக் கண்டு பதிந்தார். நூறு வருடத்துக்கும் மேலாக மருத்துவத்துக்குத் தெரிந்த தொழில் நோய் இது. கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், தை மாசியில் புல்லின்மேல் உறைபனி படியும் ஊரில் நீங்கள் அதே வேலையைச் செய்கிறீர்கள். அதிர்வு விரலின் மெல்லிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பழுதாக்குகிறது. குளிர் அந்தப் பழுதை வெளியே காட்டுகிறது.

தடித்த கையுறை வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையுறை கையைச் சூடாகவும் உலர்வாகவும் வைக்கும், அதற்காகப் போடுங்கள். ஆனால் புல்வெட்டும் மெஷினின் அதிர்வை அது பெரிதாகக் குறைப்பதில்லை. அதிர்வைக் குறைக்கும் வழி மெஷினிலும் நேரத்திலும் இருக்கிறது. மெஷினின் கைநூலில் அதிர்வின் அளவு ஓர் எண்ணாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய நாடுகளின் விதிப்படி, எட்டு மணித்தியால வேலைநாளுக்கு அந்த அளவு வர்க்க செக்கனுக்கு 2.5 மீற்றரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீற்றரைத் தாண்டவே கூடாது. அதிர்வு இரு மடங்கானால், பாவிக்கக்கூடிய நேரம் கால் பங்காகிவிடும்: 5 மீற்றரில் எட்டு மணித்தியாலம் என்றால் 10 மீற்றரில் இரண்டு மணித்தியாலம்தான். கைநூலிலுள்ள எண் புது மெஷினுக்கு உரியது. ஒரு பக்கம் தேய்ந்த தகடும் இறுகிப்போன இறப்பர் தாங்கிகளும் அதை வெகுவாகக் கூட்டிவிடும். தகட்டைச் சமநிலை பார்த்து மாற்றுவதும், இறப்பரை மாற்றுவதும், ஒருவரே ஐந்து மணித்தியாலம் பிடிக்காமல் மூன்று பேர் மாறி மாறிப் பிடிப்பதும்தான் மருந்து. வேலை தொடங்குமுன் வெந்நீரில் கையைச் சூடாக்குங்கள்.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். புகையிலை அதே இரத்தக் குழாய்களைத்தான் இறுக்குகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரானால் அதை வைத்தியரிடம் காட்டுங்கள், ஏனென்றால் அட்டெனலோல், புரப்பிரனலோல் போன்றவை விரல் வெளுப்பைக் கூட்டலாம். இரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரை சிலருக்கு உதவும். நீரிழிவும், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதும் விரலை மரக்கச் செய்யும் என்பதால் அவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும். இப்போதே அதிர்வைக் குறைத்தால் வெளுப்பு நிற்கவும் குறையவும் வாய்ப்பு உண்டு. பொத்தான் பிடிபடாத மரப்பு அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. ஆகவே அடுத்த சீசன் முடியட்டும் என்று பொறுத்திருக்க வேண்டாம். மெஷினை இந்த வாரமே வேறொருவரோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் போகும்போது, விரல் வெளுத்திருக்கும் வேளையில் தொலைபேசியில் ஒரு படமெடுத்துக் கொண்டுபோங்கள், ஏனென்றால் அறைக்குள் வந்து சூடானதும் விரல் நல்ல விரலாகிவிடும். அங்கேயும் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்: என்ன மெஷின், நாளுக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை வருடம்.

காதையும் விட்டுவிடக் கூடாது. எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபல் என்பது பொதுவாக ஏற்கப்படும் எல்லை. கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்; 94 டெசிபலில் ஒரு மணித்தியாலம்தான். பெற்றோல் மெஷின்கள் பெரும்பாலும் அதைத் தாண்டும். பஞ்சு வைப்பது போதாது, காதுமூடி வேண்டும்.

‘மருந்து’ என்ற சொல்

நாம் நஞ்சை ‘மருந்து’ என்று அழைத்துப் பழகிவிட்டோம். மருந்தடித்தல், மருந்து டாங்கி, மருந்துக் கடை. மருந்து என்று சொல்லும் வாய் அதை அஞ்சாது. அந்த அக்காவுக்கு நடந்ததை நீங்கள் ‘வெறும் வயிற்றில் அடித்ததால் வந்த மயக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வியர்வை, வாயில் எச்சில் ஊறல், கண்ணீர், வாந்தி, நெஞ்சு இறுக்கம், கண் இமையும் தசையும் துடித்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது பூச்சிநாசினி நஞ்சூட்டலின் முகம். மூச்சு வழியாகத்தான் நஞ்சு போகும் என்று நினைத்து வாயில் துணி கட்டுகிறோம். ஆனால் மருந்தடிப்பவருக்கு நஞ்சின் பெரும்பகுதி தோல் வழியாகவே போகிறது. ‘டாங்கி கொஞ்சம் ஒழுகும், அக்காவின் முதுகு எப்போதும் நனைந்திருக்கும்’ என்ற உங்கள் வரியில்தான் காரணம் இருக்கிறது. நனைந்த சட்டையோடு மூன்று மணித்தியாலம் நின்றால், முதுகு முழுவதும் அந்த நேரமெல்லாம் நஞ்சைக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

பால் நஞ்சை முறிக்காது. இளநீரும் முறிக்காது. அப்படி நம்பிக் கழியும் அரை மணித்தியாலம்தான் ஆபத்து. உடனே உடுப்பைக் களைந்து, முடியும் நகக்கண்ணும் உட்பட சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவி, வாந்தியெடுக்க வைக்காமல், மருந்துப் போத்தலையோ லேபலையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. எந்த நஞ்சு என்று தெரிந்தால் சிகிச்சை வேகமாகும். சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டு வகையில் கொடியது: லேபல் இல்லை, குழந்தை குடித்துவிடும். அதை இன்றே நிறுத்துங்கள். அந்த அக்கா இப்போது நன்றாக இருந்தாலும் ஒரு முறை வைத்தியரிடம் போய் நடந்ததைச் சொல்லிப் பதிய வேண்டும். ஒழுகும் டாங்கி திருத்தப்படும்வரை அவர் தோளில் ஏறக் கூடாது.

கடையில் அனுமதியோடு விற்பதால் பாதுகாப்பானது என்ற உங்கள் நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. பரகுவாட், டைமெத்தோவேட், பெந்தியன் ஆகியவையும் ஒரு காலத்தில் அனுமதியோடு விற்கப்பட்டவைதான். 2008 முதல் படிப்படியாக இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டன. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் கொடுக்கும் அனுமதி, லேபலில் உள்ளபடி பாவிப்பதற்கான அனுமதி. கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது, ஏனென்றால் அப்போது கையிலிருப்பது நீர் கலக்காத நஞ்சு. நூல் கையுறை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நஞ்சை உறிஞ்சாத நைட்ரைல் இறப்பர் கையுறை, முழுக்கை உடுப்பு, முதுகில் நீர்புகா மறைப்பு, கம்பூட்ஸ் வேண்டும். வறள்வலய விவசாயி வெக்கையில் இவற்றைப் போட முடியாமல் தவிக்கிறார்; நம் குளிரில் நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செடிவேலி கத்தரிக்குமுன் ஒருவர் மெஷின் இல்லாமல் அதன் நீளத்துக்கு நடந்து குளவிக்கூடு பார்க்க வேண்டும். மெஷின் சத்தமும் அதிர்வும் குளவியைக் கிளப்பிவிடும், காதுமூடி போட்டவருக்கு அதன் இரைச்சல் கேட்காது. கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறல், முகவீக்கம், தலைசுற்று வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஒவ்வாமை இல்லாதவரையும் பல கொட்டுகள் சிறுநீரகத்தில் தாக்கும். சிறுநீர் கறுத்தால் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொந்தராத்துக்காரரிடம் பேசுவது

உங்கள் பயம் வெறும் பயமன்று. தோட்டத்தில் வேலை செய்த உங்கள் பெற்றோருக்குத் தொழிற்சங்கம் இருந்தது, டிஸ்பென்சரி இருந்தது, கேட்க ஒரு தலைவர் இருந்தார். பங்களாப் பூந்தோட்டத்துக்கு வந்த பிள்ளைகள் அந்த நிழலை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் தனியாகப் பேசினால் அவரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்பது மிக எளிது.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எதுவும் பேசாமல் தொடர்வது ஒன்று. அதில் அடுத்த கண் யாருடையது என்பது மட்டும்தான் தெரியாது. நேரே தொழில் அலுவலகத்தில் குழுவின் பெயரில் முறையிடுவது இன்னொன்று. உரிமை உங்கள் பக்கம், ஆனால் விசாரணை முடியும்வரை அடுப்பு எரிய வேண்டும். நான் முதலில் சொல்வது மூன்றாவதை. தம்பியின் நட்டஈட்டு விண்ணப்பத்தை எதற்காகவும் தாமதிக்காமல் அனுப்பிவிட்டு, பாதுகாப்பு விடயத்தை மட்டும் தனியாக, ஒன்பது பேரும் கையெழுத்திட்ட கடிதமாகக் கொந்தராத்துக்காரரிடம் கொடுங்கள். மெஷின் மூடி, கண்ணாடி, காதுமூடி, ஒழுகாத டாங்கி, லேபலுள்ள போத்தல், மெஷின் நேரத்தைப் பங்கிடுவது, இவ்வளவுதான் கேளுங்கள். இரண்டு கிழமை தவணை வையுங்கள். அவருக்கும் இதில் நன்மை உண்டு: தன் தொழிலுக்கு நட்டஈட்டுக் காப்புறுதி எடுத்தால் ஒரு கண்ணின் விலையை அவர் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டியிராது. தவணை முடிந்தும் பதிலில்லை என்றால் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அப்போது கையில் கடிதத்தின் பிரதி இருக்கும். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிய விண்ணப்பிக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் ஒன்பது பேர்.

ஹோட்டல் முகாமையாளரிடம் நேரே போவதைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள். கொந்தராத்தைக் கொடுத்தவருக்கும் சில சூழ்நிலைகளில் நட்டஈட்டுப் பொறுப்பு வரலாம் என்பதால் அது பயனற்ற யோசனை அன்று. ஆனால் முதல் அடியாக அதை வைத்தால் கொந்தராத்தே பறிபோய், கோபம் முழுவதும் உங்கள் மேல் விழும். சட்ட உதவி நிலையத்தில் தம்பியின் கோவையைக் கொடுக்கும்போது, யார் யாரை எதிராளியாகப் பெயரிடுவது என்று அவர்களிடமே கேளுங்கள்.

மனைவியின் கேள்விக்கு வருகிறேன். மருந்தடித்த உடுப்பை அவர் தொட வேண்டாம். இந்த நாலு மாதம் மட்டுமல்ல, பிள்ளை பிறந்த பின்னும். வேலையிடத்திலேயே மாற்றி, தனிப் பையில் போட்டு, கையுறையோடு நீங்களே தனி வாளியில், வீட்டு உடுப்போடு சேர்க்காமல், சவர்க்காரத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, தனிக்கொடியில் காயப்போடுங்கள். குளிரில் விரல் வெளுக்கும் என்பதால் வெந்நீரில் துவையுங்கள். அடுத்த கர்ப்பிணிக் கிளினிக்குக்குப் போகும்போது கணவரின் வேலை என்ன என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் அவர் சொல்லட்டும். தம்பியின் கண்ணைப் பற்றி வைத்தியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்; கட்டில்தலைப் பத்திரத்தில் அந்த வசனம் திருத்தப்பட்டதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.